கறுவாக் கிளையின் உள்ளே

கொழும்பு மாநகரில் செல்வர் வாழும் பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர். இன்று அங்கே தூதரகங்கள் உண்டு, மாளிகைகள் உண்டு, கனவான்களின் சங்கங்கள் உண்டு. கறுவாத் தோட்டந்தான் இல்லை. ஒரு காலத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் எந்த மரத்தின் பொருட்டு இத்தீவின் கரையில் ஒன்றையொன்று அடித்து விரட்டினவோ, அந்த மரத்தின் பெயரை இப்போது வீட்டு விலாசங்களில் மாத்திரமே காண்கின்றோம்.

இக்கட்டுரையும் அம்மரத்தைப் பற்றியதுதான். ஆனால் சரித்திர நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசும் அதன் பட்டையை விட்டுவிட்டு, அம்மரத்தின் சிறு கிளையொன்றினுள் எவர் கண்ணுக்கும் படாது குடியிருந்த ஓர் உயிரைப் பற்றி இங்கே பேச விரும்புகின்றோம். அது ஒரு பங்கசு. பழஞ்சோற்றிலும் ஈரச் சுவரிலும் நாம் காணும் பூஞ்சணத்தின் உறவினம். நோய்க்கிருமிகளைக் கொல்லும் ஆவியொன்றை அது வெளிவிடுகின்றது. அதைக் கண்டெடுத்தவர் அமெரிக்கர். கண்டெடுத்த இடம் மத்திய அமெரிக்காவிலுள்ள ஹொண்டூராஸ். வாழ்ந்த மரமோ நமது தீவின் பெயரைத் தாங்கியது. தாவரவியலார் நெடுங்காலம் அம்மரத்தைச் சின்னமோமம் செய்லானிக்கம் என்றே அழைத்துவந்தனர். ‘இலங்கைக் கறுவா’ என்பது அதன் பொருள்.

இந்த மூன்று நாடுகளும் ஒரு சிறு கிளையில் வந்து கூடிய கதையைச் சொல்வதானால், முதலில் பட்டையிலிருந்தே தொடங்கவேண்டும்.

போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்திறங்கினர். அவர்களை வெளியேற்றி 1656ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றினர். இருவர் கண்ணும் கறுவாவின் மீதே இருந்தது. அந்நாளில் கறுவா தோட்டப் பயிரன்று; தென்மேற்குக் கரையின் காடுகளில் தானாக வளர்ந்த மரம். காட்டுக்குள் சென்று பட்டை உரித்துக் கொணரும் கடமை சலாகம சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. அது கூலிக்குச் செய்த தொழிலன்று; பிறப்பினால் வந்த ஊழியம். பையன் வளர்ந்து ஆளானதும் அவன் பெயர் ஏட்டில் ஏறும்; இவ்வளவு பட்டை கொடுக்கவேண்டும் என்ற கணக்கும் உடன் ஏறும். அனுமதியின்றிப் பட்டை உரித்தவனுக்கும், மறைவாக விற்றவனுக்கும், மரத்தை அழித்தவனுக்கும் மரண தண்டனை வரை விதிக்கச் சட்டம் இடங்கொடுத்தது. தன் வீட்டு முற்றத்தில் முளைத்த கறுவாக் கன்று ஏழைக் குடியானவனுக்குச் செல்வமாக இருக்கவில்லை. அவன் கழுத்துக்குக் கயிறாக இருந்தது.

1760ஆம் ஆண்டளவில் இக்கொடுமை பொறுக்காது பட்டை உரிப்போரும் கரைநாட்டுக் குடியானவர்களும் கிளர்ந்தெழுந்தனர். கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அவர்களுக்குத் துணைநின்றான். கிளர்ச்சி போராக மூண்டு, 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில் முடிந்தது. உரிப்போர் உதிரஞ்சிந்திய அதே காலத்தில், விலை இறங்காதிருக்கும் பொருட்டு அம்ஸ்ரடாம் நகரில் கறுவாவைக் குவித்து எரித்ததாகப் பிரெஞ்சு இயற்கையறிஞர் ஒருவர் எழுதிவைத்திருக்கின்றார். போரின் பின்னர், காட்டை நம்பியிருத்தல் ஆபத்து என்பதை உணர்ந்த ஒல்லாந்தர், தேசாதிபதி ஃபல்க் காலத்தில் கொழும்பைச் சூழக் கறுவாவைப் பயிரிடத் தொடங்கினர். கறுவா காட்டில்தான் விளையும், கைபட்டால் மணங்குன்றும் என்று அதுவரை கூறிவந்த பண்டிதர்கள் வாயடைத்துப் போயினர். இன்றைய கறுவாத்தோட்டத்தின் பெயர் அங்கேதான் பிறந்தது.

ஆனால் பயிரிட முடிந்த மரத்தை எவரும் எங்கும் பயிரிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டு முடியுமுன்பே பிரெஞ்சுக்காரர் கறுவாவைச் செய்ஷெல்ஸ் தீவுகளில் நட்டுவிட்டனர். ஆங்கிலக் கொம்பனி மலையாளக் கரையில் அஞ்சரக்கண்டியில் நட்டது. 1796இல் இலங்கையின் கரைநாடு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1833இல் கறுவாவின் மீதான அரசாங்க ஏகபோகமும் ஒழிந்தது. மரத்தை ஒரு தீவுக்குள் அடைத்துவைக்கும் முயற்சி தோற்றது. அன்றுதொட்டு வெப்பவலய நாடுகளின் தாவரத் தோட்டங்களில் கறுவாவும் ஓர் அங்கமாயிற்று. அத்தகைய தோட்டமொன்றுக்குத்தான் நாம் இனிச் செல்லவேண்டும்.

ஹொண்டூராஸின் வடகரையில் டேலா என்றொரு துறைமுகம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது யுனைற்றெட் ஃபுரூட் என்னும் அமெரிக்க வாழைக் கொம்பனியின் ஊர். துறைமுகம், இரயில்பாதை, வைத்தியசாலை, கடை யாவும் கொம்பனியினுடையவை. அரசாங்கமும் அதனுடையதே என்று சொல்வோர் உண்டு. அது மிகையென்று மறுப்பதற்குச் சான்றுகள் குறைவு. மலையகத் தேயிலைத் தோட்டங்களின் கதையை அறிந்த நமக்கு இந்தச் சித்திரம் புதிதன்று.

அந்தக் கொம்பனிக்கு ஒரு பகைவன் இருந்தான். பனாமா நோய் என்பது அவன் பெயர். மண்ணிலுள்ள பியூசேரியம் என்ற பங்கசு வேர் வழியாக வாழையினுள் நுழைந்து, நீரேறும் குழாய்களை அடைத்துவிடும். இலை மஞ்சளித்து மரம் சாயும். மருந்து கிடையாது. நோய் கண்ட நிலத்தைக் கைவிட்டு, புதுக் காட்டை வெட்டி, அங்கும் நோய் வந்ததும் அதையும் கைவிட்டுச் செல்வதே கொம்பனிகள் கண்ட வழி. கைவிடப்பட்ட நிலத்தோடு கைவிடப்பட்ட தொழிலாளரும் இருந்தனர். இந்நோயை ஆராயவும், வாழையன்றி வேறெந்தப் பயிர் அம்மண்ணில் விளையும் என்று பார்க்கவும் 1926இல் டேலாவுக்கு அருகே லன்செத்தியா என்னும் பள்ளத்தாக்கில் கொம்பனி ஒரு சோதனைத் தோட்டம் அமைத்தது. வில்சன் பொப்பினோ என்ற தாவர அறிஞர் அதை நடத்தினார். ஆசிய நாடுகளின் மங்குஸ்தானும் இறம்புட்டானும் இன்னும் எண்ணற்ற மரங்களும் அங்கே வந்து சேர்ந்தன. வந்த மரங்கள் யாவும் நன்மையே கொண்டுவரவில்லை. பொப்பினோவின் மனைவி டொரத்தி, நன்கு முதிராத அக்கி என்னும் ஆபிரிக்கப் பழத்தை உண்டு 1932இல் நஞ்சேறி இறந்தார்.

1954இல் டேலாவில் மூண்ட வாழைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வடகரை முழுவதும் பரவி 69 நாள் நீடித்தது. ஹொண்டூராஸில் தொழிலாளர் சட்டம் என்ற ஒன்று உருவானது அதன் விளைவாகவே. 1970களில் கொம்பனி தோட்டத்தை அந்நாட்டு அரசாங்கத்திடம் கையளித்தது. மரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுள் கறுவாவும் ஒன்று.

இவ்விடத்தில் விஞ்ஞானத்தைச் சற்றே நோக்குதல் வேண்டும். செடி என்பது தனியோர் உயிர் என்றே நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது ஓர் ஊர். இலையினுள்ளும் தண்டினுள்ளும் பட்டையின் கீழும் பங்கசுகளும் பற்றீரியாக்களும் செடிக்கு வெளிப்படையான தீங்கேதுமின்றி வாழ்கின்றன. உருளைக்கிழங்கின் வெளிறல் நோய்க்கு நுண்ணங்கியே காரணமென்று நிறுவிய ஜேர்மானிய அறிஞர் அன்ரன் டி பாரி, 1866ஆம் ஆண்டிலேயே இத்தகைய உள்வாழ் உயிர்களுக்குத் தனிப்பெயர் இட்டு வகுத்தார். நாம் அவற்றை உள்ளுறை பங்கசுகள் என்போம். பின்னர் நூறாண்டுக்கு மேல் அவற்றைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1928இல் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டபின் மருந்து தேடியவர்கள் மண்ணைத்தான் உலகமெங்கும் அள்ளி ஆராய்ந்தனர். மண் தந்தது ஏராளம். ஆனால் மண்ணிலும் ஒரு காலத்தில் கண்ட பொருளையே திரும்பத் திரும்பக் காணும் நிலை வந்தது. அப்பொழுதுதான் சிலர் செடியின் உள்ளே பார்க்கத் தொடங்கினர்.

அவர்களுள் ஒருவர் மொன்ரானா அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரி ஸ்ட்ரோபல். அவருடைய முறை எளியது. சிறு கிளையொன்றை வெட்டி எடுத்து, மதுசாரத்தில் நனைத்து, மேற்புறத்துக் கிருமிகளை நீக்கி, புறப்பட்டையைச் சீவியெறிந்து, உள்ளிருக்கும் இழையத் துணுக்கை ஊட்டக்கூழ் நிரப்பிய கண்ணாடித் தட்டில் வைப்பார். சில நாளில் துணுக்கின் விளிம்பிலிருந்து நூலிழைபோல் பங்கசு வெளியே ஊர்ந்துவரும். உள்ளே குடியிருந்தவன் அவனே என்பது உறுதி.

1990களின் பிற்பகுதியில் லன்செத்தியாத் தோட்டத்துக் கறுவா மரத்தின் சிறு கிளைகள் அவரது ஆய்வுகூடத்துக்கு வந்தன. ஆய்வுகூடங்களில் சிற்றுண்ணிகள் பெருந்தொல்லை. கண்ணுக்கு எட்டாத அப்பிராணிகள் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு ஊர்ந்து வளர்ப்புகளையெல்லாம் கலந்து கெடுத்துவிடும். இத்தொல்லையைத் தீர்க்கும் பொருட்டுத் தட்டுக்கள் பெரிய பிளாஸ்ரிக் பெட்டியொன்றினுள் வைத்து மூடப்பட்டன. சில நாளில் பெட்டிக்குள் ஒரு பங்கசைத் தவிர ஏனையவற்றின் வளர்ச்சி நின்றுபோயிற்று. எஞ்சியது 620 என எண்ணிடப்பட்டது. அதன் தட்டு மற்றவற்றைத் தொடவில்லை. பெட்டிக்குள் பொதுவாக இருந்தது காற்று ஒன்றே.

இவ்வாறான வேளையில் பெட்டியைக் கழுவிவைத்துவிட்டு மறுநாள் வேலையைத் தொடங்குவோர் பலர். ஏன் நின்றது என்று கேட்டதே இங்கு நிகழ்ந்த பெருங்காரியம் என நாம் கருதுகின்றோம்.

620ஆம் எண் பங்கசு வெண்ணிறமானது; மணமுடையது; அம்மணத்தை நறுமணமென்று எவரும் சொல்லமாட்டார்கள். வித்திகளை அது ஈனவில்லை. ஆகவே உருவத்தைக் கொண்டு இனம்பிரிக்கும் பழைய வழி பயன்படாது, அதன் மரபுப் பொருளைப் படித்தே இனம் அறியவேண்டியதாயிற்று. மஸ்கோடர் அல்பஸ் என்று பெயரிட்டனர். அல்பஸ் என்பது வெண்மையைக் குறிக்கும். (2020இல் சில ஆய்வாளர் இவ்வினத்தை இண்டுரேசியா என்னும் வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டனர். பெயர் மாற்றுவதில் தாவரவியலாருக்கும் நமது நகரசபைகளுக்கும் ஒற்றுமை உண்டு.) 2001இல் ஸ்ட்ரோபலும் துணைவர்களும் அதன் ஆவியை ஆராய்ந்து வெளியிட்டனர். அற்ககோல்கள், எசுத்தர்கள், கீற்றோன்கள், அமிலங்கள் எனக் குறைந்தது 28 சேர்வைகள் அதில் இருந்தன. மனிதனுக்கும் பயிருக்கும் நோய் தரும் பங்கசுகளிலும் பற்றீரியாக்களிலும் பல அந்த ஆவி பட்டு மடிந்தன. சில வளர்ச்சி தடைப்பட்டு நின்றன. வியப்பு என்னவெனில், அச்சேர்வைகளைத் தனித்தனியே எடுத்துச் சோதித்தபோது எதுவும் கொல்லவில்லை. ஒன்றுகூடியபோதே கொன்றன.

பின்னர் இவ்வாவியையே வலையாக வீசினர். 620இன் ஆவி நிறைந்த பெட்டியில் எந்தப் பங்கசு பிழைத்து வளர்கின்றதோ அது இதன் உறவினமாயிருக்கக்கூடும். அவ்வாறு வேறு கண்டங்களிலும் வேறு மரங்களிலும் உறவினங்கள் அகப்பட்டன. பேருவின் காட்டுக்கொடி ஒன்றில் அகப்பட்டது நப்தலினை உண்டாக்கியது. நமது பெட்டகங்களில் பட்டுச்சேலைகளுக்கிடையே கிடக்கும் அந்துருண்டையின் பொருள் அது. தாய்லாந்தில் வேறொரு கறுவா இனத்திலிருந்து பெற்ற பங்கசுக்கு 2010இல் மஸ்கோடர் சின்னமோமி என்றே பெயரிட்டனர்.

கண்டுபிடிப்பு அறிவுலகத்தில் நின்றிருந்தால் கதை இங்கு முடிந்திருக்கும். ஆனால் அந்நாளில் கமக்காரர் மண்ணைக் கிருமிநீக்கப் பயன்படுத்திய மெதயில் புரோமைட்டு என்னும் வாயு, வானத்தின் ஓசோன் படையைக் கெடுப்பதால் 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாக விலக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் இடத்துக்கு மாற்று வேண்டும். பழங்கள் களஞ்சியத்தில் அழுகாதிருக்கவும், விதைகள் நோயற்றிருக்கவும் வெள்ளைப் பங்கசு உதவும் என்று தோன்றிற்று. காப்புரிமை எடுக்கப்பட்டது. கலிபோர்ணியாவின் அக்ராகுவெஸ்ற் என்னும் கொம்பனி உரிமம் பெற்றது. 2005இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் இப்பங்கசின் ஒரு வகையைப் பயிர்ப் பாதுகாப்புக்குப் பதிவுசெய்தது. 2012இல் ஜேர்மனியின் பேயர், அக்ராகுவெஸ்றை 42 கோடியே 50 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அத்தொகை ஒரு பங்கசுக்காகக் கொடுக்கப்பட்டதன்று என்பதைக் கூறுதல் நேர்மை. அக்கொம்பனியிடம் வேறு பொருள்கள் பல இருந்தன. மஸ்கோடரோ சந்தையில் பெரிய வெற்றி எதையும் ஈட்டவில்லை.

எனினும் உரிமை பற்றிய வினா விலையைப் பொறுத்ததன்று. உயிருள்ள நுண்ணங்கியை ஒருவன் தன் கண்டுபிடிப்பாகக் கொள்ளலாம் என்று ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1980இல், ஐந்து நீதிபதிகள் ஆம் என்றும் நால்வர் இல்லை என்றும் கூறத் தீர்ப்பளித்தது. வழக்குக்குக் காரணமான பற்றீரியாவை உருவாக்கியவர் வங்காளத்தில் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தி. 1995இல் உலக வர்த்தக நிறுவனத்தோடு வந்த அறிவுச் சொத்து உடன்படிக்கை அத்தீர்ப்பை உலகமயமாக்கியது. அதன் 27ஆம் பிரிவை வாசகர் ஊன்றிப் பார்க்கவேண்டும். செடிகளையும் விலங்குகளையும் காப்புரிமையிலிருந்து விலக்கிவைக்க நாடுகளுக்கு அது சுதந்திரம் தருகின்றது. நுண்ணங்கிகளை விலக்கிவைக்கும் சுதந்திரத்தைத் தரவில்லை. ஆகவே கறுவா மரம் எவர் சொத்தும் ஆகாதிருக்கலாம். அதன் கிளைக்குள் இருப்பவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மறுபுறத்தில் 1992இல் ரியோ டி ஜனைரோவில் கையெழுத்தான உயிர்ப்பல்வகைமைச் சமவாயம், ஒரு நாட்டின் உயிர்வளம் அந்நாட்டின் இறைமைக்குட்பட்டது என்றது. பயனில் பங்கு தரவேண்டும் என்றது. இலங்கை 1994இல் அதை ஏற்றது. ஐக்கிய அமெரிக்கா கையெழுத்திட்டதே தவிர உறுதிப்படுத்தவில்லை.

அவ்வாறாயின் 620ஆம் எண் எவருடையது? இலங்கையினுடையது என்று மார்தட்ட நம்மவர் சிலருக்கு ஆசை பிறக்கலாம். அது பொருந்தாது. மரத்தின் பூர்வீகம் இங்கே என்பது மெய். ஆனால் மரத்தின் உள்ளுறை பங்கசுகளிற் பெரும்பாலானவை விதையோடு பயணம் செய்வதில்லை. மரம் நிற்கும் இடத்துக் காற்றிலும் மழையிலும் வந்து குடியேறுபவை. லன்செத்தியாவின் கறுவாவில் வாழ்ந்த பங்கசு ஹொண்டூராஸ் காட்டுக்கே உரியதாக இருக்கக்கூடும். அப்படியானால் அது, வாழைக் கொம்பனிக்காகக் காடு வெட்டிய மக்களின் மண்ணைச் சேர்ந்தது. அம்மக்களின் பெயரும் காப்புரிமைப் பத்திரத்தில் இல்லை. பட்டை உரித்தவன் பெயர் ஒல்லாந்தரின் இலாபக் கணக்கில் இல்லாததுபோலவே. கண்டுபிடித்தவரின் உழைப்பையும் கூர்ந்த நோக்கையும் நாம் குறைத்துரைக்கவில்லை. உழைப்பு ஒருவருடையதாகவும், மரம் இன்னொருவருடையதாகவும், காடு மூன்றாமவருடையதாகவும் இருக்கும்போது, சட்டம் ஒரு பெயருக்கே இடம் வைத்திருக்கின்றது என்பதைத்தான் சுட்டுகின்றோம்.

கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. இருபத்தெட்டுச் சேர்வைகளும் கூடிக் கொல்கின்றன என்ற விளக்கம் சிலருக்கு நிறைவளிக்கவில்லை. அவர்களுள் யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்கொட் ஸ்ட்ரோபல் ஒருவர். காரி ஸ்ட்ரோபலின் மகன். அவ்வாவி பட்ட பற்றீரியாக்களின் மரபுப் பொருளே சேதமாகின்றது என்று அவருடைய குழுவினர் 2015இல் காட்டினர். 2017இல் காரணமான பொருளையும் பிடித்தனர். என்-மெதயில்-என்-நைத்திரசோ-ஐசோபியூட்டிரமைட்டு என்பது அதன் பெயர். வாசகர் ஒருமுறை படித்து மறந்துவிடலாம். மறக்கக்கூடாதது அதன் குணம். மரபுப் பொருளின்மீது பாய்ந்து அதை மாற்றிவிடும் வகையைச் சேர்ந்தது அது. பற்றீரியாவின் மரபுப் பொருளும் மனிதனின் மரபுப் பொருளும் ஒரே வகை இரசாயனமே. இத்தகைய சேர்வைகள் புற்றுநோயை விளைவிக்கக்கூடியவை. இயற்கையில் விளைந்ததாகையால் தீங்கற்றது என்று விளம்பரம் செய்வோருக்கு இதைவிட நல்ல மறுமொழி கிடையாது. தந்தை கண்டதை மகன் திருத்தியதில் விஞ்ஞானத்துக்கு இழிவில்லை. அதன் உயிரே அதில்தான் இருக்கின்றது.

இத்தனைக்கும் பின்னர் உள்ளுறை பங்கசுகளைத் தேடுவது வீண் வேலையா என்று கேட்கலாம். வீணன்று. மருந்துக்கு மசியாத பற்றீரியாக்களின் நேரடி விளைவாக 2019ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மடிந்தனர் என்று 2022இல் வெளியான பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பெருந்தொகையினர் வறிய நாட்டவர். புதிய மருந்து வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் நீரிழிவுக்காரன் வாழ்நாள் முழுவதும் மருந்து வாங்குவான். கிருமிநோய்க்காரனோ பத்து நாளில் குணமாகிவிடுவான். முதலீட்டுக்கு இரண்டாமவன் நல்ல வாடிக்கையாளன் அல்லன். பெரிய கொம்பனிகள் பல இத்துறையைக் கைகழுவிவிட்டன. அமெரிக்காவின் அக்காயோஜென் என்னும் சிறு நிறுவனம் 2018இல் புதிய நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றுக்கு அங்கீகாரம் பெற்று, அடுத்த ஆண்டே வங்குரோத்தாயிற்று.

இந்நிலையில் நமது நாட்டிலும் சிலர் இவ்வேலையில் இறங்கியிருக்கின்றனர் என்பது பலருக்குத் தெரியாது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் இலங்கை ஆய்வாளர் சிலர் நம்மூர்ச் செடிகளினுள் தேடினர். காட்டில் வளரும் ஓர் ஓர்க்கிட்டினுள் வாழ்ந்த சைலேரியாப் பங்கசில் ஹெல்வோலிக் அமிலத்தைக் கண்டனர். தென்கிழக்கு வரண்ட கரையில், வெளிநாட்டிலிருந்து வந்து பரவிவிட்ட கள்ளிச்செடியினுள் வாழ்ந்த பியூசேரியத்தில் ஈகுவிசெற்றினைக் கண்டனர். வாழையைக் கொன்ற அதே பியூசேரியக் குடும்பத்தில் இன்னோர் அங்கத்தவன் இங்கே மருந்துச் சரக்கோடு நிற்கின்றான். இவ்விரு பொருள்களும் உலகம் முன்பே அறிந்தவை. மூன்றாவது புதியது. வைத்தியர்கள் குடிநீருக்குச் சேர்க்கும் கோரைக்கிழங்கினுள் இருந்த றைசோக்ரோனியா என்னும் பங்கசு அதை உண்டாக்கியது. சொலனியோயிக் அமிலம் என்று பெயரிட்டனர். மெதிசிலினுக்கு மசியாத ஸ்ரபிலோகொக்கசு பற்றீரியாவை அது ஆய்வுகூடத்தில் தடுத்தது. ஆய்வுகூடத் தட்டில் தடுப்பதற்கும் நோயாளியின் உடலில் குணப்படுத்துவதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தை அது இன்னும் கடக்கவில்லை.

கோரைக்கிழங்கு இங்கே தோண்டப்பட்டது; பங்கசு இங்கே பிரித்தெடுக்கப்பட்டது. சேர்வையின் மூலக்கூற்றமைப்பைத் துணிவதற்குக் கனடாவின் பிரித்தானியக் கொலம்பியப் பல்கலைக்கழகத்தாரின் கைகோர்ப்பு வேண்டியிருந்தது. ஆய்வுக் கட்டுரையில் இரு நாட்டவர் பெயரும் இருக்கின்றன.